சதுர அடிக் கணக்கா, டிரம் வாடகையா?

"டேட்டா வேர்ஹவுஸ்ல வேலை" என்று சொன்னால் எங்கள் தெருவில் அடுத்து வரும் கேள்வி, "எந்த குடோன் தம்பி? சிப்காட்டுக்குள்ளயா?" என்பதுதான். ராணிப்பேட்டை சிப்காட் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், வாலாஜாபேட்டையில் வேர்ஹவுஸ் என்றால் தோல் கட்டுகளும் கெமிக்கல் டிரம்களும் அடுக்கிய கொட்டகைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். யோசித்துப் பார்த்தால் அவங்க சொல்றதும் தப்பில்லை. நான் ஆணி புடுங்குவதும் குடோனில்தான். மூட்டைக்குப் பதில் கணக்கு வழக்கு. இருக்குமிடம் மும்பை. வாடகை டாலரில்.

தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. ஒரு கம்பெனியில் பில் போடும் சாஃப்ட்வேர் ஒன்று, ஸ்டாக் பார்ப்பது இன்னொன்று, சம்பளம் வேறொன்று, மிச்சமெல்லாம் எக்ஸெல் ஷீட் என்று இருக்கும். இவை எல்லாவற்றிலிருந்தும் பிரதி எடுத்து ஒரே இடத்தில் அடுக்கி, "போன வருஷம் எந்த கஸ்டமர் அதிகமா சரக்கு திருப்பி அனுப்பினான்?" மாதிரி கேள்விகள் கேட்க வைத்திருக்கும் இடம்தான் டேட்டா வேர்ஹவுஸ். நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் இதற்கென்று தனி மெஷினே வாங்குவார்கள். டெராடேட்டா போன்ற கம்பெனிகள் விற்கும். விலை கோடியில் இருக்கும், அதற்கு ஏசி ரூம், அதைப் பார்த்துக்கொள்ள ஆள். இப்போது அது இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கிறது. 2020 லாக்டவுனில் ஓ.எம்.ஆரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. மூன்று கிளையன்ட்டுகளுக்கு வேலை. ஒருத்தர் கூகுள் பிக்குவெரி, ஒருத்தர் ஸ்னோஃப்ளேக், ஒருத்தர் அமேசான் ரெட்ஷிஃப்ட். ஆக என் லேப்டாப்பில் எந்நேரமும் மூன்று ஜன்னல் திறந்திருக்கும்.

இது எப்படியோ என் மாமா பையன் காதுக்குப் போய்விட்டது. அவன் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ அப்பர் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். சின்ன கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ் என்றால் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமும் அவன் தலையில்தான். ஒரு ஞாயித்துக்கிழமை வந்து உட்கார்ந்தான்.

"இன்னா மச்சான், மூணு பார்ட்டி வந்து படம் காட்டிட்டுப் போய்ட்டானுங்க. மூணு பேரும் எங்களுதுதான் ஃபாஸ்ட்டுன்றான். நீ மூணுலயும் வேல பாத்துகினு கீற. எது வாங்கலாம்? ஒரே வார்த்தையில சொல்லு."

ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன் :-)

முதலில், எதற்கு இப்போது திடீரென்று? ஐரோப்பிய பையர் கேட்கிறான். 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பிய யூனியனில், உடம்பில் படுகிற தோல் பொருளில் குரோமியம் ஆறு ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவைத் தொட்டாலே விற்கக் கூடாது. அது பழைய கதை. இப்போது அதற்கு மேல், இந்த ஷூவின் தோல் எந்த லாட், அந்த லாட் எந்த டிரம்மில் என்றைக்குப் பதமானது, பச்சைத்தோல் எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போய்க் காட்டச் சொல்கிறார்கள். கேட்ட ரெண்டு நாளில் பதில் போகணும். போகாவிட்டால் அடுத்த சீசன் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும். ஆர்டர் போனால் ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குத்தான் முதலில் வேலை போகும். மாமா பையன் சும்மா ஃபேஷனுக்கு வந்து கேட்கவில்லை.

இந்த மாதிரி ஒப்பீடு எங்கே படித்தாலும் வேகத்தைப் பற்றித்தான் இருக்கும். 2021 நவம்பரில் டேட்டாபிரிக்ஸும் ஸ்னோஃப்ளேக்கும் "என்னுதுதான் வேகம்" என்று பொதுவெளியில் சட்டையைப் பிடித்துக்கொண்டது தொழிலில் இருப்பவர்களுக்கு ஞாபகமிருக்கும். அந்தப் போட்டி நடந்தது 100 டெராபைட் தகவல் மேல். நான் கேட்டேன், "உங்க கம்பெனியில ஒரு நாளைக்கு எத்தனை தோல் ஓடும்?" ரெண்டாயிரம் என்றான். ஒரு தோலுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வரி, மொத்தம் இருபது வரி என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 40,000 வரி. வருஷத்துக்கு 300 நாள் போட்டால் ஒரு கோடியே இருபது லட்சம். ஒரு வரிக்கு 200 பைட் தாராளமாகக் கொடுத்தாலும் 2.4 ஜிபி. பத்து வருஷ வண்டவாளமும் 24 ஜிபியில் அடங்கிவிடும். அவன் மொபைலில் அதைவிட அதிகமாக குட்மார்னிங் படங்கள் இருக்கும். இந்த அளவுக்கு மூன்றுமே வேகம்தான், முழுங்கிட்டு ஏப்பம் விடும்.

அப்போ வித்தியாசம் எங்கே? காசு வாங்கும் விதத்தில். அதைவிட, அந்த விதம் கேள்வி கேட்கிறவனை என்ன செய்கிறது என்பதில். நான் இந்த மூன்றையும் நிர்வாகம் செய்கிறவன் இல்லை, உட்கார்ந்து கேள்வி கேட்கிறவன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்துதான் சொல்ல முடியும்.

மாமா பையனுக்கு அவன் பாஷையிலேயே சொன்னேன். தோல் வைத்திருக்கிறவனுக்கு சொந்த ஷாப் இல்லையென்றால் ஜாப் ஒர்க் கொடுப்பான். அதில் ஒருத்தர் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குவார். இன்னொருத்தர் டிரம் ஓடின நேரத்துக்கு வாடகை கேட்பார். மூன்றாவது வழி, கடனை உடனை வாங்கி சொந்தமாக டிரம் போடுவது. அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் வட்டி கட்டணும். பிக்குவெரி சதுர அடி. ஸ்னோஃப்ளேக் டிரம் வாடகை. பழைய மாதிரி ரெட்ஷிஃப்ட் சொந்த டிரம்.

"அட, இத அவனுங்க சொல்லவேயில்லையே" என்றான்.

சதுர அடிக்காரரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். பிக்குவெரியை கூகுள் 2010-இல் அறிவித்தது. இதில் நீங்கள் எந்த மெஷினையும் வாடகைக்கு எடுப்பதில்லை. மெஷின் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எதுவும் தெரியாது. கேள்வியை எழுதினால், ஓட்டுவதற்கு முன்பே "இது இத்தனை ஜிபி படிக்கும்" என்று திரையில் காட்டிவிடும். படித்த அளவுக்குக் காசு. 2023 ஜூலையில் அமெரிக்கப் பிராந்திய விலையை டெராபைட்டுக்கு 5 டாலரிலிருந்து 6.25 ஆக ஏற்றினார்கள், மும்பைக்கு ரேட் வேறு. மாதம் முதல் ஒரு டெராபைட் இலவசம், பத்து ஜிபி வரை வைத்துக்கொள்வதும் இலவசம்.

புதிதாக வருகிறவர்கள் அடிபடும் இடம் ஒன்று உண்டு. பத்து வரி போதும் என்று "லிமிட் 10" போடுவார்கள். பத்து வரிதானே, காசும் கொஞ்சம்தானே? இல்லை! சாதாரண டேபிளில் அது முழுசையும் படித்துவிட்டுப் பத்து வரியை மட்டும் உங்களிடம் காட்டும். பிரியாணி அண்டா முழுக்க ஆர்டர் செய்துவிட்டு ஒரு பிளேட் சாப்பிட்ட மாதிரி. ஆனால் இது தகவலைப் பத்தி பத்தியாக அடுக்கி வைப்பதால், வேண்டிய பத்திகளை மட்டும் பெயர் சொல்லிக் கேட்டால் அதற்கு மட்டும்தான் காசு. "செலக்ட் ஸ்டார்" என்று நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் கேட்கும் பழக்கத்தை பிக்குவெரி மாதிரி வேறு எந்த வாத்தியாரும் மாற்ற முடியாது. இன்னொன்று, டேபிள் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்கும். வேறு இடத்திலிருந்து வந்தவர்கள் முதல் வாரம் "டேபிளே இல்லைன்னு சொல்லுது" என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

ஸ்னோஃப்ளேக் அடுத்தது. 2012-இல் மூன்று பேர் தொடங்கினார்கள். அதில் ஒருவரான மார்சின் ஜுகோவ்ஸ்கி ஆம்ஸ்டர்டாமில் உள்ள சி.டபிள்யூ.ஐ. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவர். (அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி வரும்.) 2024 பிப்ரவரியிலிருந்து சி.இ.ஓ.வாக இருக்கும் ஸ்ரீதர் ராமசாமி நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அதனால் நமக்கு டிஸ்கவுண்ட் எல்லாம் கிடையாது, கேட்டுப் பார்க்காதீர்கள்.

இங்கே சரக்கு வைக்கும் இடம் தனி, அதை அலசும் மெஷின் தனி. அந்த மெஷினுக்குப் பெயரே வேர்ஹவுஸ் என்று வைத்து எல்லாரையும் குழப்பியது அவர்கள் கைங்கரியம். மிகச் சின்ன சைஸ் மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிரெடிட். அடுத்த சைஸ் ரெண்டு, அதற்கடுத்தது நாலு, எட்டு என்று இரட்டிப்பாகப் போகும். கிரெடிட் விலை எடிஷனையும் ஊரையும் பொறுத்தது. அமெரிக்காவில் அடிமட்ட எடிஷனுக்கு 2 டாலர் அளவில். விநாடிக் கணக்குதான், ஆனால் மெஷின் ஒவ்வொரு தடவை கண் விழிக்கும்போதும் குறைந்தது 60 விநாடிக்குக் காசு. வேலை இல்லையென்றால் தானாகத் தூங்கிவிடும். எத்தனை நிமிஷம் சும்மா இருந்தால் தூங்கணும் என்பதை நாம்தான் சொல்லணும்.

கேள்வி கேட்கிறவனுக்கு இது சொர்க்கம். உண்மையைச் சொல்லணும் இல்லையா, மூன்றில் உட்கார்ந்து வேலை செய்ய எனக்குப் பிடித்தது இதுதான். ஃபைனான்ஸ் ஆட்கள் ஒரு மெஷினில் மாசக் கடைசி கணக்கு ஓட்டிக்கொண்டிருந்தால், நான் என் மெஷினில் நிம்மதியாக இருக்கலாம். ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிப்பதில்லை. கூட வேலை பார்க்கும் பையன் ஒருத்தன் ஒரு நாள் ராத்திரி ஒரு டேபிளையே டிராப் செய்துவிட்டு நடுங்கிக்கொண்டு போன் செய்தான். "அன்டிராப்" என்று ஒரு வரி அடிக்கச் சொன்னேன். திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது! பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய நிலையை சாதாரண எடிஷனில் ஒரு நாள், விலை கூடின எடிஷனில் 90 நாள் வரைக்கும் திரும்பிப் பார்க்கலாம். டெராடேட்டா காலத்தில் இப்படி நடந்திருந்தால் டேப்பிலிருந்து எடுக்கச் சொல்லி பேக்கப் டீமிடம் கைகட்டி நிற்கணும்.

ஆனால் மீட்டர் கண்ணுக்குத் தெரியாது. பிக்குவெரியில் கேட்கிறவனுக்குத் தொகை முன்னாடியே தெரியும். இங்கே கேட்கிறவன் ஜாலியாகக் கேட்டுக்கொண்டே போவான், மாசக் கடைசியில் பில் முதலாளி மேஜைக்குப் போகும். ரெண்டு விநாடி ஓடுகிற ஒரு டாஷ்போர்டை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கும்படி யாராவது வைத்துவிட்டால், தூங்கும் நேரத்தையும் பத்து நிமிஷம் என்று விட்டுவிட்டால், அந்த மெஷின் தூங்கவே தூங்காது. ராத்திரி மூணு மணிக்கு யார் பார்க்கிறார்கள் அந்த டாஷ்போர்டை? கூர்க்காவா? இத்தனை கிரெடிட் தாண்டினால் நிறுத்து என்று பூட்டு போட வசதி இருக்கிறது. போட்டிருக்கிறார்களா என்று கேட்பதுதான் இல்லை.

ரெட்ஷிஃப்டைப் பற்றிச் சுருக்கமாக. 2012 நவம்பரில் அறிவித்து 2013 பிப்ரவரியில் அமேசான் எல்லாருக்கும் திறந்துவிட்டது. உள்ளே இருப்பது பார்ஆக்செல் என்ற கம்பெனியின் சரக்கு, அதன் பூர்வீகம் போஸ்ட்கிரெஸ் 8.0.2. அதனால் போஸ்ட்கிரெஸ் பழகினவர்களுக்குப் பிறந்த வீடு மாதிரி. ஆரம்பத்தில் டேபிளை எந்தப் பத்தியை வைத்துப் பங்கு போடுவது, எதை வைத்து வரிசைப்படுத்துவது, எப்போ குப்பை கூட்டுவது எல்லாம் நம் பொறுப்பு. இப்போது பலதும் தானாக நடக்கிறது. 2019 கடைசியில் சரக்கையும் மெஷினையும் பிரித்தார்கள், 2022-இல் ஓடின அளவுக்கு மட்டும் காசு வாங்கும் செர்வர்லெஸ் வந்தது. சொந்த டிரம் வைத்திருந்தவரும் வாடகைக்கு விட ஆரம்பித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பழைய மாதிரி ரெட்ஷிஃப்டில் ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. மாச வாடகை முன்னாலேயே முடிவானது. நான் ஒரு கேள்வி கேட்டாலும் ஆயிரம் கேட்டாலும் அதே காசு. அதனால் யாரும் கேள்வியை எண்ணுவதில்லை. க்யூவில் நிற்கணும், மாசக் கடைசியில் டீ குடித்துவிட்டு வந்தாலும் நம்ம முறை வந்திருக்காது, அது வேற விஷயம்.

மைக்ரோசாஃப்ட்டின் சினாப்ஸில் நான் ஆழமாக இறங்கியதில்லை. 2023-இல் ஃபேப்ரிக் என்று புதுசு கொண்டுவந்து எல்லாரையும் அந்தப் பக்கம் நகர்த்துகிறார்கள். இந்த ஊர்க்காரனாக ஒன்று மட்டும் சொல்லலாம், இந்த வரிசையில் சென்னையிலேயே டேட்டா சென்டர் பிராந்தியம் வைத்திருப்பது அவர்கள்தான், 2015-லிருந்து. மற்ற மூன்றிலும் என் கேள்வி மும்பை போய்த்தான் திரும்பி வருகிறது. அதனால் ஒன்றும் தாமதமாகிவிடுவதில்லை. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் கிளம்பி வந்து நின்றது எங்க வாலாஜா ரோட்டில்தான் (சந்து கிடைத்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்), அந்த வேகத்தோடு ஒப்பிட்டால் மும்பை பக்கத்துத் தெரு.

இந்த "கேள்வியை எண்ணுவது" விஷயத்துக்கு வருகிறேன். மாமா பையனிடம் நான் அதிக நேரம் பேசியது இதைத்தான்.

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடம், பெயர் வேண்டாம். படித்த அளவுக்குக் காசு என்கிற முறை. பில் கொஞ்சம் ஏறியது. நிர்வாகம் ஒரு யோசனை கண்டுபிடித்தது. திங்கட்கிழமை காலையில் எல்லாருக்கும் ஒரு மெயில். போன வாரம் அதிகச் செலவு வைத்த பத்து பேர், பெயரோடு, தொகையோடு, சிவப்பு எழுத்தில். பில் உடனே இறங்கியது. மேலே இருக்கிறவர்களுக்கு ஏக சந்தோஷம்.

சோளிங்கர் பக்கத்திலிருந்து ஒரு பெண் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. சேர்ந்த ரெண்டாவது மாசம் ஒரு சாயங்காலம் போன் செய்து, ரொம்ப மெதுவான குரலில், "அண்ணா, இந்த குவெரிய ஓட்டினா திங்கக்கிழமை மெயில்ல என் பேர் வருமாண்ணா?" என்றாள்.

என்னம்மா குவெரி என்று கேட்டேன். ஒரு கிளையில் திருப்பி அனுப்பிய சரக்கு ரெண்டு தடவை கழிக்கப்படுகிறதோ என்று அவளுக்கு சந்தேகம். உறுதி செய்ய ரெண்டு வருஷ விற்பனையையும் ரிட்டர்னையும் சேர்த்துப் பார்க்கணும். 400 ஜிபி படிக்கும் என்று திரை காட்டுகிறது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூன்று வாரமாக ஓட்டாமல் வைத்திருக்கிறாள். மூன்று வாரம்! 400 ஜிபிக்கு என்ன ஆகும்? கூகுளின் இன்றைய அமெரிக்க ரேட்டில் போட்டால் ரெண்டரை டாலர். ரெண்டு பேர் ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டால் ஆகிற காசு. ஆனால் அவள் கண்ணுக்கு டாலர் தெரியவில்லை. 400 என்ற எண்ணும் சிவப்பு எழுத்தும்தான் தெரிந்தது.

என் ஐடியிலிருந்து ஓட்டச் சொன்னேன். அவள் சந்தேகப்பட்டது சரி. ரெண்டு தடவைதான் கழிந்திருந்தது. பல மாதமாக அந்தக் கிளை நஷ்டம் என்று ரிப்போர்ட் போயிருக்கிறது, அங்கிருந்த மேனேஜரை மாற்றியும் விட்டிருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மெயிலில் என் பெயர் வந்தது. ஏழாவது இடம் என்று ஞாபகம்.

அந்தக் கம்பெனி செய்த கூத்துக்கு பிக்குவெரி முறையைக் குறை சொல்ல மாட்டேன். அதில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மொத்தத்துக்கும், ஆளுக்கு இவ்வளவு என்றும் அளவு வைக்கலாம். அளவுக்குள் இருக்கிறவரை யாரும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. அதைச் செய்யாமல் மெயில் போட்டார்கள். நம்ம வாலாஜா டோல்கேட்டையே எடுத்துக்கோங்க. ஒவ்வொரு தடவையும் காசு போகுதே என்று உள்ளூரில் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! 2025 ஆகஸ்ட் 15-லிருந்து 3,000 ரூபாய்க்கு வருஷ பாஸ் கொடுத்தார்கள், 200 தடவை போகலாம். என் பக்கத்து வீட்டுக்காரர் அதை வாங்கினதிலிருந்து வாராவாரம் பெண் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார். ரோடு அதே ரோடுதான்.

சரி, மாமா பையன் கம்பெனிக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை நேரிலேயே போனேன். ஆபீஸ் ரூமில் முதலாளி பாய், மாமா பையன், புரொடக்‌ஷன் மேனேஜர். பார்ட்டிகள் விட்டுவிட்டுப் போன கலர் கலரான படங்கள். எல்லாமே முதலாளி பார்க்கிற டாஷ்போர்டு. "இத மொபைல்லயே பாக்கலாம் பாய்" என்று சொல்லியிருக்கிறார்கள். பாய் நிதானமானவர். "மொபைல்ல பாத்து நான் என்ன தம்பி பண்ணப்போறேன்? பையர் கேக்கறதுக்கு பதில் வரணும், அவ்ளோதான்" என்றார்.

லாட் நம்பர் எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டே உள்ளே நடந்தோம். வெட் ப்ளூ வரும்போது எல் 204. டிரம் பேட்ச் கார்டில் 204. கிரஸ்ட் ஆனபிறகு எக்ஸெல்லில் எல்-204/ஏ. அப்புறம் செலெக்‌ஷன் டேபிளில் தோலை ரகம் பிரிக்கிறார்கள். முதல் ரகம் ஒரு பக்கம், ரெண்டாவது ஒரு பக்கம். அங்கேதான் நாலு லாட் தோலும் ஒன்றாகக் கலந்து புது நம்பர் வாங்குகிறது. பழைய நம்பர் எந்தப் புது நம்பருக்குள் போனது என்று எழுதுவது எங்கே? யாரும் பதில் சொல்லவில்லை. இந்த இடத்தில் நூல் அறுந்து போனால், கூகுள் வந்தாலும் அமேசான் வந்தாலும் முடிச்சு போட முடியாது.

"அது அக்கா நோட்டுல இருக்கும்" என்றான் மாமா பையன்.

குவாலிட்டி ஆபீஸில் ஒரு அக்கா. பதினெட்டு வருஷ சர்வீஸ். நீளமான ரூல் போட்ட நோட்டுகள் அலமாரி முழுக்க. எந்த லாட் எதில் கலந்தது, எந்தத் தேதியில் லேபுக்கு சாம்பிள் போனது, எது ரீ-டெஸ்ட் ஆனது எல்லாம் அவர் கையெழுத்தில். வந்த மூன்று பார்ட்டியில் ஒருத்தரும் இந்த ரூமுக்கு வரவில்லையாம்.

நான் அவரிடம் கேட்டேன், "அக்கா, இதெல்லாம் கம்ப்யூட்டர்ல இருந்து, நீங்க என்ன கேட்டாலும் அது பதில் சொல்லும்னா, முதல்ல என்ன கேப்பீங்க?"

யோசிக்கவே இல்லை. "ரீ-டெஸ்ட் போன லாட் எல்லாம் குடோன்ல எத்தனி நாள் கெடந்துச்சி, எந்த மாசம் கெடந்துச்சி, டிரம்முல எந்த ஃபேட் லிக்கர் போட்டாங்கோ. இந்த மூணும் ஒரே எடத்துல பாக்கணும் தம்பி. எனக்கு ரொம்ப வருசமா ஒரு டவுட்டு."

எனக்கு உள்ளுக்குள் சிலிர்த்துவிட்டது. பதனிடப் போடுவது குரோமியம் மூன்று, அதனால் தொல்லையில்லை. ஆனால் தோல் சூடான, காய்ந்த இடத்தில் ரொம்ப நாள் கிடந்தாலும், போட்ட எண்ணெய் எளிதில் ஆக்சிகரணம் ஆகிற வகையாக இருந்தாலும், அது குரோமியம் ஆறாக மாறலாம் என்பது தோல் ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எங்க பக்கத்து மே மாசமும் தகரக் கூரை குடோனும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அக்கா நோட்டைப் புரட்டியே அந்த இடத்துக்கு வந்திருக்கிறார். மூன்று நோட்டையும் கையால் சேர்த்துப் பார்க்க நேரம் இல்லாததால் "டவுட்டு" என்ற அளவில் நின்றிருக்கிறது.

திரும்பி வந்து பாயிடம் சொன்னேன். உங்க அளவுக்கு உண்மையில் இந்த வாடகை குடோன்கூட அவசியமில்லை. ஆம்ஸ்டர்டாம் சி.டபிள்யூ.ஐ.யைப் பின்னாடி வரும் என்றேன் இல்லையா? டக்டிபி என்று இலவச மென்பொருள் ஒன்று அங்கிருந்து 2019-இல் வந்தது. ஒரு சாதாரண கம்ப்யூட்டரிலேயே இந்த 24 ஜிபியை அலசிவிடும். பிக்குவெரியை ஆரம்ப காலத்தில் கட்டியவர்களில் ஒருவரான ஜோர்டன் டிகானியே 2023-இல், பெரும்பாலான கம்பெனிகளிடம் இருப்பது அவ்வளவு பெரிய டேட்டா இல்லை என்று எழுதி, டக்டிபியை வைத்துத் தனிக் கம்பெனி நடத்துகிறார். ஆனால் ஒரு கம்ப்யூட்டரில் வைத்தால் அதைப் பார்த்துக்கொள்ள, பேக்கப் எடுக்க ஆள் வேண்டும். மாமா பையன் அதற்கும் சேர்த்து மாட்டிக்கொள்வான். அவன் முகமே அதைச் சொல்லியது.

அதனால் என் ஓட்டு பிக்குவெரிக்கு. எனக்குப் பிடித்தது ஸ்னோஃப்ளேக் என்றாலும். காரணம் அந்த இலவச ஒரு டெராபைட். வருஷத்துக்கு 2.4 ஜிபி டேபிளை முழுசாகவே படித்தாலும் மாசம் நானூறு தடவைக்கு மேல் கேட்கலாம், பைசா கிடையாது. வேண்டிய பத்தியை மட்டும் கேட்டால் ஆயிரக்கணக்கில் போகும். பத்து வருஷத்துக்கும் வைத்தால் இடத்து வாடகை மாசம் அரை டாலருக்குள். ஸ்னோஃப்ளேக் என்றால் அக்கா ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் மெஷின் விழித்து 60 விநாடி மீட்டர் ஓடும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் சின்ன கம்பெனியில் யாராவது ஒருத்தர் "அக்கா, சும்மா சும்மா கேக்காதீங்க" என்று சொல்ல அது போதும். அப்புறம் அவர் நோட்டுக்கே போய்விடுவார். தினசரி அளவுக்கு ஒரு பூட்டு போட்டாச்சு, பாய்க்கும் நிம்மதி. அவர் வைத்த ஒரே கண்டிஷன், "அக்காக்கு தனி ஐடி குடுங்க. என் பேர்ல வேணாம்."

செலெக்‌ஷன் டேபிளுக்குப் புது விதி. நாலு லாட் கலந்தால் நாலு பழைய நம்பரையும் எழுதாமல் புது நம்பர் கிடையாது. முதல் வாரம் அங்கே இருக்கிறவர்கள் என்னைத் திட்டாத திட்டு இல்லை.

பழைய நோட்டுகளில் ரெண்டு வருஷத்தை மட்டும் ரெண்டு பசங்களை வைத்துத் தட்டச்சு செய்தோம். அக்கா கேட்ட கேள்வியை நான் எழுதிக் கொடுக்க, அவர்தான் பட்டனை அழுத்தினார். குடோன் நாளும் மாசமும் வந்துவிட்டது. ஏப்ரல், மே, ஜூனில் நாற்பது நாளுக்கு மேல் கிடந்தவைதான் ரீ-டெஸ்ட் பட்டியலில் மேலே நிற்கின்றன. மூன்றாவது பத்தி, எண்ணெய் பெயர், பாதிக்கு மேல் காலி. பேட்ச் கார்டில் அந்தக் கட்டத்தை யாரும் நிரப்பியதே இல்லை. அக்கா அந்தக் காலி இடங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி டேபிள் மேல் வைத்துவிட்டு, டிரம் செக்‌ஷன் மேஸ்திரியைக் கூப்பிடச் சொன்னார்.